அழுத்தமின் அதிர்வு ஆற்றல் அறுவடை: வரலாறு

அழுத்தமின் அதிர்வு ஆற்றல் அறுவடை என்பது, நம்மைச் சுற்றி வீணாகும் சிறு அதிர்வுகளை அழுத்தமின் பண்புடைய பொருள்களின் உதவியால் மின்சாரமாக மாற்றும் முறையாகும். ஓடும் மோட்டாரின் உடல், மின்மாற்றியின் ரீங்காரம், பேருந்து போகையில் நடுங்கும் சன்னல் கண்ணாடி, மனிதனின் நடை, இதயத் துடிப்பு ஆகிய அனைத்தும் இதற்கு ஆற்றல் மூலங்களே. கிடைக்கும் மின்சாரம் மிகக் குறைவு. விளக்கெரிக்கவோ மின்விசிறி சுழற்றவோ போதாது. ஆனால் கையெட்டாத இடத்தில் பொருத்தப்பட்டு, மின்கலம் தீர்ந்தால் மாற்றுவதற்குப் பெரும்பாடு படவேண்டியிருக்கும் சிறு கருவிகளுக்கு அது போதும்.

இத்துறையின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. அழுத்தமின் படிகங்களுக்குப் பெரும்புகழ் தேடித்தந்த பண்பு, ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் மிகக் கூர்மையாக அதிர்வதாகும். அதே பண்புதான் அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்க முயன்றவர்களுக்குப் பெருந்தடையாக நின்றது. அத்தடையைக் கடக்கச் செய்யப்பட்ட முயற்சிகளின் விளைவே அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளக்கூடிய கருவிகள்.

அழுத்தமின் விளைவு

சில படிகங்களை அழுத்தினாலோ வளைத்தாலோ அவற்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் நேர், எதிர் மின்னூட்டங்கள் தோன்றும். விட்டால் மறையும். இழுத்தால் மின்னூட்டங்கள் இடம் மாறித் தோன்றும். இதுவே அழுத்தமின் விளைவு. வீட்டில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்தும்போது 'டக்' என்ற ஓசையுடன் பொறி பறக்கிறதல்லவா? அதனுள் மின்கலம் எதுவும் இல்லை. விரலின் விசையால் இறுகும் சுருள்வில் விடுபட்டு, ஒரு சிறு சுத்தியலால் அழுத்தமின் பீங்கான் துண்டை அடிக்கிறது. அந்த ஓர் அடியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. வோல்ட் மிகுதியாயினும் மின்னூட்டம் மிகச் சிறிது. ஆகவேதான் தவறிக் கையில் பட்டாலும் சுரீர் என்பதோடு முடிந்துவிடுகிறது.

இலங்கைக் கல்லும் கியூரி சகோதரர்களும்

18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒருவகை மணிக்கல்லைக் கொண்டுசென்றனர். சூடாக்கினால் அது சாம்பலைத் தன்பால் இழுத்தது. புகைக்குழாயிலிருந்து சாம்பலை எடுக்க அதைப் பயன்படுத்தியதால் ஒல்லாந்தர் அதனைச் 'சாம்பல் இழுப்பான்' என்றே அழைத்தனர். டூர்மலைன் என்னும் இன்றைய பெயர் 'தோரமல்லி' என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. 1756 இல் எப்பினஸ், இந்த ஈர்ப்பு மின்சாரத்தால் நிகழ்வது என்று காட்டினார். வெப்பத்தால் மின்னூட்டம் தோன்றும் இவ்விளைவு வெப்பமின் விளைவு எனப்பட்டது.

வெப்பம் இதைச் செய்யுமானால் அழுத்தமும் செய்யாதா என்ற கேள்வி அடுத்த நூற்றாண்டில் பலருக்கு எழுந்தது. தெளிவான விடை கண்டவர்கள் பாரிஸ் நகரின் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள். அப்போது அண்ணனுக்கு 24 வயது, தம்பிக்கு 21. 1880 இல் அவர்கள் படிகங்களை முறைப்படி வெட்டி, இரு வெள்ளீயத் தகடுகளுக்கிடையே வைத்து, இடுக்கியில் இறுக்கி, தோன்றிய மின்னூட்டத்தை மின்னூட்டமானி என்னும் நுண்கருவியால் அளந்தனர். டூர்மலைன், குவார்ட்சு, புட்பராகம், ரோசெல் உப்பு, ஏன், சமையலறைச் சர்க்கரையின் படிகம்கூட இவ்விளைவைக் காட்டியது. கண்டபடி அழுத்திப் பார்த்ததன் பயனன்று இது. படிகத்தின் அணு அடுக்கில் சமச்சீர் எங்கே குறைகிறதோ அங்கேதான் மின்னூட்டம் தோன்றும் என்பதை அவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தனர்.

அடுத்த ஆண்டு காப்ரியேல் லிப்மன், வெப்ப இயக்கவியல் விதிகளைக் கொண்டு, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சுருங்கவோ விரியவோ வேண்டும் என்று கணித்தார். கியூரி சகோதரர்கள் சோதனையால் அதையும் உறுதிசெய்தனர். 'அழுத்து' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைக் கொண்டு இவ்விளைவுக்குப் பெயரிட்டவர் செருமானியரான ஹாங்கெல்.

இந்தக் கண்டுபிடிப்பின் முதல் பெரும் பயன் அளவீட்டில் கிடைத்தது. குவார்ட்சுத் தகட்டில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டால் தெரிந்த அளவு மின்னூட்டம் கிடைக்கும். மேரி கியூரி யுரேனியத் தாதுக்களின் கதிர்வீச்சை அளந்தது இத்தகைய குவார்ட்சுக் கருவியைக் கொண்டுதான். 1898 இல் பொலோனியமும் ரேடியமும் கண்டறியப்பட்டதில் கணவரும் மைத்துனரும் செய்த இந்தப் பழைய கருவிக்குப் பெரும் பங்கு உண்டு. பாடநூல்கள் இதை ஏனோ சொல்லாமலே விட்டுவிடுகின்றன.

கூர்மை வரமாக இருந்த காலம்

முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களால் பெரும் சேதம் ஏற்பட்டது. பியர் கியூரியின் மாணவரான பால் லாஞ்சவன், எஃகுத் தகடுகளுக்கிடையே குவார்ட்சை வைத்து, நீருக்குள் மீயொலி அலைகளை அனுப்பி, எதிரொலியைப் பெறும் கருவியை உருவாக்கினார். சோனார் இதிலிருந்து வளர்ந்ததே. அமெரிக்காவில் வால்டர் கேடி, குவார்ட்சுத் துண்டு ஒன்று தன் இயல்பு அதிர்வெண்ணை விடாப்பிடியாகக் காப்பதைக் கண்டு 1921 இல் அதை மின்சுற்றின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தப் பயன்படுத்தினார். 1927 இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் முதல் குவார்ட்சுக் கடிகாரத்தை உருவாக்கினார். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் குவார்ட்சுக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்றைய கைக்கடிகாரங்களில் உள்ள குவார்ட்சு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது 2 இன் 15 ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். கையை ஆட்டினாலும், பேருந்தில் குலுங்கினாலும், படிகம் வேறு எந்த அதிர்வெண்ணுக்கும் செவிசாய்ப்பதில்லை. கடிகாரத்துக்கு வேண்டியதும் அந்தப் பிடிவாதந்தான்.

இதற்கிடையே பொருள்களும் மாறின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், சப்பான் ஆகிய நாடுகளில் தனித்தனியே பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானின் சிறப்பு மின்பண்புகள் கண்டறியப்பட்டன. 1950 களில் ஈய சிர்கோனேட் டைட்டனேட் வந்தது, சுருக்கமாகப் பி.இசட்.டி. எனப்படும். ஒரே விசைக்கு இது குவார்ட்சைவிட நூறு மடங்குக்கு மேல் மின்னூட்டம் தரும். பீங்கான் என்பதால் வேண்டிய வடிவில் வார்க்கலாம். ஆனால் உடையும், அதில் ஈயமும் உண்டு. 1969 இல் சப்பானியரான ஹெய்ஜி கவாய், பி.வி.டி.எஃப். என்ற நெகிழிப் படலத்திலும் வலுவான அழுத்தமின் விளைவு இருப்பதைக் கண்டறிந்தார். அது வளையும், உடையாது, ஆனால் பி.இசட்.டி. அளவுக்கு மின்சாரம் தராது.

அதிர்விலிருந்து மின்சாரம்

1990 களில் மின்னணுச் சில்லுகளின் மின்தேவை மைக்ரோவாட் அளவுக்குக் குறைந்தது. பாலங்கள், இயந்திரங்கள், கட்டடங்கள் ஆகியவற்றில் கம்பியில்லா உணரிகளை நூற்றுக்கணக்கில் பதிக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. உடனே ஒரு கேள்வியும் பிறந்தது: அத்தனை மின்கலங்களையும் யார் மாற்றுவது?

1996 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ், யேட்ஸ் ஆகியோர் அதிர்வு மின்னாக்கிக்கான கணித மாதிரியை வெளியிட்டனர். ஒரு நிறை, ஒரு சுருள்வில், ஒரு தடை, அவ்வளவே. சில மில்லிமீட்டர் அளவுள்ள கருவி 70 ஹெர்ட்சில் 1 மைக்ரோவாட்டும் 330 ஹெர்ட்சில் 100 மைக்ரோவாட்டும் தரலாம் என்று அவர்கள் கணித்தனர். அதிர்வின் வீச்சு மாறாதிருக்கும்போது, ஒத்ததிர்வில் கிடைக்கும் திறன் அதிர்வெண்ணின் மும்மடிக்கு ஏற்ப உயரும் என்பதே இந்த நூறு மடங்கு வேறுபாட்டுக்குக் காரணம்.

1998 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தினர் காலணிக்குள் அழுத்தமின் தகடுகளை வைத்தனர். நடக்க நடக்கச் சேரும் மின்சாரத்தால் ஒரு சிறு வானொலி அலைபரப்பி தன் அடையாள எண்ணை அனுப்பியது. குதிகாலின் கீழ் வைத்த பி.இசட்.டி. தகடுகள் சராசரியாக 8.4 மில்லிவாட் தந்ததாகப் பின்னர் அவர்கள் பதிவுசெய்தனர். கிழக்கு சப்பான் இரயில்வே 2006 லும் 2008 லும் தோக்கியோ நிலையத்தின் தரையில் இத்தகைய தகடுகளைப் பதித்துச் சோதித்தது. செய்தித்தாள்கள் 'நடந்தால் மின்சாரம்' என்று ஆர்ப்பரித்தன. மனிதர் காலால் மிதித்துத் தரும் ஆற்றல் உண்ட உணவிலிருந்தே வருகிறது. தரை அழுந்தும் அளவுக்கு நடப்பவர் கூடுதலாக உழைக்கிறார். இலவசமாகக் கிடைப்பது என்று சொன்னால் முழு உண்மையாகாது.

உண்மையிலேயே வீணாகும் ஆற்றல் இயந்திரங்களின் அதிர்வில்தான் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரவுண்டி, ரைட், ரபே ஆகியோர் 2003 இல் அன்றாடப் பொருள்கள் எப்படி அதிர்கின்றன என்று அளந்து பட்டியலிட்டனர். மைக்ரோவேவ் அடுப்பும் துணி உலர்த்தியும் சுமார் 121 ஹெர்ட்சில், கார் எஞ்சின் அறை 200 ஹெர்ட்சில், போக்குவரத்து மிகுந்த சாலையோரச் சன்னல் 100 ஹெர்ட்சில், இயந்திரப் பட்டறைக் கருவி ஒன்றின் அடித்தளம் 70 ஹெர்ட்சில் அதிர்ந்தன. பொறுமையிழந்து குதிகாலைத் தட்டிக்கொண்டிருப்பவரையும் விட்டுவைக்கவில்லை. அவர் கணக்கு 1 ஹெர்ட்ஸ்.

அடுத்து ரவுண்டியும் ரைட்டும் செய்த ஒரு கன சென்டிமீட்டர் அளவுள்ள கருவி, 120 ஹெர்ட்ஸ் அதிர்வில் 375 மைக்ரோவாட் தந்தது. இந்த அளவை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை எரிக்க இத்தகைய கருவிகள் 24,000 வேண்டும். நகைப்புக்குரியதாகத் தோன்றும். ஆனால் நாணய வடிவ லித்தியம் மின்கலம் ஒன்றில் ஏறத்தாழ 2,400 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அதே ஆற்றலை இக்கருவி சுமார் 75 நாள்களில் தந்துவிடும். அடுத்த 75 நாள்களில் மீண்டும் தரும். இயந்திரம் ஓடும்வரை தந்துகொண்டே இருக்கும்.

கூர்மை சாபமான கதை

இக்கருவியின் அமைப்பு எளிது. மேசை விளிம்பில் அளவுகோலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்து மறுமுனையைச் சுண்டினால் அது அதிரும். அளவுகோலுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு, அதன் இருபுறமும் பி.இசட்.டி., நுனியில் ஒரு சிறு எடை. தகடு வளையும்போதெல்லாம் மின்னூட்டம் எழும். அளவுகோலை வெளியே நீட்டினால் மெதுவாகவும், உள்ளே இழுத்தால் விரைவாகவும் அதிர்வதை எந்த வகுப்பறையிலும் காணலாம். நீளம், விறைப்பு, நுனி எடை ஆகியவையே இயல்பு அதிர்வெண்ணை முடிவுசெய்கின்றன.

ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசைக்கே உயர எழும்பும். தாளம் தவறித் தள்ளினால் கைதான் வலிக்கும். அதிர்வுத் தகட்டின் நிலையும் அதுவே. சூழலின் அதிர்வெண் தகட்டின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்தினால் ஒத்ததிர்வு ஏற்பட்டு வீச்சு பெருகும். நல்ல திறன் வேண்டுமானால் உராய்வு இழப்பைக் குறைக்க வேண்டும். இழப்பைக் குறைத்தால் ஒத்ததிர்வின் முகடு இன்னும் உயரும், கூடவே இன்னும் குறுகும். சற்றே விலகினாலும் மின்சாரம் சரிந்துவிடும்.

தமிழ்நாட்டுச் சூழலில் இதைப் பார்ப்போம். கிணற்றடியிலோ ஆலையிலோ ஓடும் நான்கு முனைத் தூண்டல் மோட்டார், சுமையில்லாதபோது நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளை நெருங்கிச் சுழலும். முழுச்சுமையில் சுமார் 1,440 சுற்றுகளாகக் குறையும். அதாவது 25 ஹெர்ட்ஸ் 24 ஆகிறது. கூர்மையான முகடுடைய கருவிக்கு இந்த ஒரு ஹெர்ட்ஸ் வேறுபாடே மின்சாரத்தைப் பாதியாக்கவோ அதற்கும் கீழே தள்ளவோ போதும். நாடு மாறினாலும் சிக்கல். அமெரிக்காவில் மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸ் என்பதால் மின்மாற்றிகள் 120 ஹெர்ட்சில் முனகுகின்றன. இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை 100 ஹெர்ட்சில் முனகும். அங்கே செய்ததை அப்படியே இங்கே ஒட்டினால் மிகச் சிறு பங்கே கிடைக்கும்.

சுருதி சேர்க்கும் முயற்சிகள்

வீணைக் கலைஞர் பிருடையைத் திருகித் தந்தியின் இழுவிசையை மாற்றிச் சுருதி சேர்க்கிறார். அதே கொள்கையை லேலண்டு, ரைட் ஆகியோர் 2006 இல் அழுத்தமின் தகட்டில் கையாண்டனர், எதிர்த்திசையில். இருமுனையும் தாங்கப்பட்ட தகட்டை நீளவாக்கில் இறுக்கி அழுத்தியபோது அதன் விறைப்பு குறைந்தது. இயல்பு அதிர்வெண் 24 விழுக்காடு வரை இறங்கியது. 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை 300 முதல் 400 மைக்ரோவாட் கிடைத்தது. திருகாணியைக் கையால் திருகித்தான் சரிசெய்ய வேண்டும்.

சல்லா, பிரசாத் உள்ளிட்டோர் 2008 இல் காந்தங்களைப் பயன்படுத்தினர். தகட்டின் நுனியிலும் எதிரிலும் காந்தங்களை வைத்து இடைவெளியை மாற்றினால், ஈர்ப்பு அதிர்வெண்ணைக் குறைக்கும், விலக்கம் கூட்டும். 26 ஹெர்ட்ஸ் தகடு 22 முதல் 32 ஹெர்ட்ஸ் வரை இரு பக்கமும் நகர்ந்து, 240 முதல் 280 மைக்ரோவாட் வரை தந்தது. ஆனால் ஒருமுறை சுருதி சேர்க்க 85 மில்லிஜூல் ஆற்றல் தேவை என்று அவர்களே கணக்கிட்டனர். கருவி தன் சொந்த வருவாயிலிருந்து அதைச் சேமிக்க ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். நாளுக்கொருமுறை வேகம் மாறும் இயந்திரத்துக்கு இது பெரிதல்ல. இரண்டு நிமிடத்துக்கொருமுறை மாறினால் வரவு முழுதும் செலவுக்கே போய்விடும்.

இந்த வரவு செலவுக் கணக்கை ரவுண்டியும் ஜாங்கும் 2005 இலேயே எழுப்பியிருந்தனர். இடைவிடாது மின்சாரம் உண்டு சுருதியைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பால் நிகர ஆதாயம் வராது, ஒருமுறை சரிசெய்துவிட்டு அணைந்துவிடும் அமைப்பே ஆதாயம் தரலாம் என்பது அவர்கள் முடிவு. பின்னர் வந்தவர்கள் இதன் கடுமையை விவாதித்தாலும், இத்துறையில் எழுதுவோர் கூட்டிய மின்சாரத்தோடு செலவிட்டதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இதனால் வலுப்பட்டது. இயந்திர உறுப்பு எதையும் தொடாமல், வெளிச்சுற்றில் மின்தேக்கியை மாற்றியே சுருதியை நகர்த்தும் வழியும் உண்டு. செலவு குறைவு, ஆனால் நகரும் தொலைவும் குறைவு.

வேறொரு சாரார் சுருதி சேர்ப்பதையே கைவிட்டனர். காந்தங்களைத் தக்கபடி வைத்தால் தகட்டுக்கு ஓய்வுநிலைகள் இரண்டாகும். டப்பா மூடியின் நடுவை அழுத்தினால் 'டிக்' என்று உள்ளே போய், மீண்டும் 'டக்' என்று வெளியே வருவதுபோல், தகடு இரண்டு நிலைகளுக்கிடையே தாவும். இத்தாவல் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் எதிர்பார்ப்பதில்லை. இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொத்தோனே, வொக்கா, கம்மைத்தோனி ஆகியோரும், அமெரிக்காவில் எர்டுர்க், ஹாஃப்மன், இன்மன் ஆகியோரும் 2009 இல் இதைக் காட்டினர். பின்னவர்கள் எடுத்துக்கொண்ட அமைப்பு, ஒழுங்கற்ற இயக்கத்தை ஆராய மூன், ஹோம்ஸ் ஆகியோர் 1979 இல் அமைத்த காந்தத் தகடே. இதற்கும் ஒரு குறை: அதிர்வு மெலிந்தால் தகடு நடுமேட்டைத் தாண்டாது, ஒரு பள்ளத்துக்குள்ளேயே கிடந்து ஆடும்.

கைக்கு எட்டாத இடம்

மின்கலம் மாற்றுவது மிகக் கடினமான இடம் மனித உடல். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கொருமுறை, மின்கலம் தீரும் தறுவாயில், கருவியை மாற்ற மறுபடியும் அறுவை செய்ய வேண்டியிருக்கிறது. இளவயதில் பொருத்திக்கொண்டவர் வாழ்நாளில் பலமுறை இதற்கு உட்படுகிறார். இதயமுடுக்கிக்குத் தேவையான திறனோ ஏறத்தாழ 1 மைக்ரோவாட்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கராமி, இன்மன் ஆகியோர் 2012 இல் மார்பில் எழும் அதிர்விலிருந்தே இதைப் பெறும் கருவியை வடிவமைத்தனர். இதயம் ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. உறக்கத்தில் ஒரு வேகம், மாடிப்படி ஏறுகையில் வேறு வேகம், அச்சத்தில் இன்னொரு வேகம். கூர்மையான ஒத்ததிர்வுக் கருவி இங்கே உதவாது. எனவே காந்தங்கள் சேர்த்த தாவும் வகையையும் சோதித்தனர். நிமிடத்துக்கு 7 முதல் 700 துடிப்பு வரை எதுவாயினும் அது போதிய மின்சாரம் தந்தது. சோதனை நடந்தது உடலுக்குள் அல்ல, இதயத் துடிப்பைப் போல அதிரும் ஆய்வக மேடையில்.

2014 இல் சானான் தாதேவிரேன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒத்ததிர்வை முற்றிலும் ஒதுக்கிவிட்டு வேறு வழியில் சென்றனர். முடியினும் மெல்லிய பி.இசட்.டி. பட்டைகளை வளையும் நெகிழித் தாளில் பதித்து, மாடு, செம்மறி ஆடு ஆகியவற்றின் இதயத்தின் மேல் நேரடியாகத் தைத்தனர். இதயம் சுருங்கி விரியும்போது தாளும் அதனோடு வளைந்து மின்சாரம் தந்தது. அதே தாளோடு இணைந்த சிறு மின்கலத்தில் அது சேமிக்கப்பட்டது. பி.இசட்.டி. யில் உள்ள ஈயம் உடலில் கலக்காதபடி உறையிடுவதும், ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் வளைந்தும் விரிசல் விழாதபடி காப்பதும் இவ்வழியில் செல்வோர்முன் உள்ள வேலைகள்.